கடைசி அத்தியாயத் தடை உத்தரவு

நூலகம் என்பது பொதுமக்களின் அறிவுப்பசியைத் தீர்க்கும் பொருட்டு, பொதுமக்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து வைக்கப்படும் இடம். அப்படிப்பட்ட ஒரு நூலகத்தில், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் அம்மா ஒருநாள் பணிநேரத்தில், தேதி முத்திரையைக் கையில் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். அதிகாரி தன் அறையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். அவர் எழுந்து வருவது அபூர்வம்.

"என்னம்மா, வீட்ல யாருக்காவது ஏதாவது...?"

"இல்ல சார். கதை முடிஞ்சுபோச்சு."

மேஜைமேல் பத்தாம் பாகம் மூடிக் கிடந்தது. பூமியை இழந்த ஒரு கூட்டம், குடியிருக்க இடம் தேடி விண்கப்பலில் அலையும் விஞ்ஞானக் கதை.

"முடிஞ்சா சந்தோஷப்படணும்மா. நம்ம ஆபீஸ்ல ஒரு வேலையாவது முடிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"பத்து பாகமும் அந்தக் கப்பல்லயே குடியிருந்தேன் சார். இப்ப நடுத்தெருவுல இறக்கிவிட்ட மாதிரி இருக்கு. பேசி ஆத்திக்கலாம்னா, படிச்ச ஆள் ஒருத்தர் இல்ல. என் வீட்டுக்காரர்தான் ஒன்பதாவது பாகத்துக்கு வந்திருக்கார். அவர் முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்."

அதிகாரி ஆழ்ந்து யோசித்தார். அரசு ஊழியர் ஒருவருக்கு, அரசு நேரத்தில், அரசுச் சொத்தான ஒரு புத்தகத்தால் துக்கம் விளைந்திருக்கிறது. அந்தத் துக்கம் இருந்த இடம் கடைசி அத்தியாயம். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது: "வாசகப் பெருமக்களின் மனநலத்தைக் கருத்திற்கொண்டு, தொடர் நாவல்கள் அனைத்தின் இறுதி அத்தியாயங்களும் வெட்டியெடுக்கப்பட்டு, இரும்பு அலமாரியில் பாதுகாக்கப்படும்." வெட்டும் பொறுப்பு, துக்கத்தில் முன்னனுபவம் உள்ளவர் என்ற தகுதியில், அவளுக்கே வந்து சேர்ந்தது.

"சார், என் வீட்டுக்காரர் முடிக்கிற வரைக்குமாவது..."

"அவரும் பொதுமக்கள்தானேம்மா? அவர் அழுதா யார் பதில் சொல்றது?"

பிளேடை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது?

ஊர் கொந்தளிக்கும் என்று நினைத்தாள். ஊர் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டது. 'முடிவிழந்தோர் மன்றம்' என்று ஒன்று உதயமானது. பத்தாம் பாகத்தை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்ள நூலக வாசலில் வரிசை நின்றது. பெருமூச்சு விடத் தெரியாதவர்களை யாரும் மதிப்பதில்லை என்றாகிவிட்டது. இத்தனை பேரா படித்திருக்கிறார்கள் என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது. ஓடிப்போய் மன்றத் தலைவரைப் பிடித்தாள்.

"கேப்டனை அந்தத் தங்கச்சியே காட்டிக்கொடுத்தப்ப உங்களுக்கு எப்படி சார் இருந்துச்சு?"

"கேப்டனுக்குத் தங்கச்சி இருக்கா?"

முதல் பாகத்து அட்டையில் இருப்பதே அந்தத் தங்கச்சிதான்.

போகட்டும், வீட்டில் ஒருவர் இருக்கிறாரே என்று தேற்றிக்கொண்டாள். நூலகத்தில் இருந்த இன்னொரு செட்டை அவருக்கென்றே ஒவ்வொரு பாகமாகக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவள் அவள். வேலை போனாலும் போகட்டும் என்று அன்று சாயங்காலம் அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கைப்பைக்குள் ஒளித்து எடுத்துப்போனாள். கணவர் மடியில் ஒன்பதாம் பாகம் இருந்தது.

"முக்கால்வாசி முடிச்சிட்டேன். அடடா, என்னமா எழுதியிருக்கான்!"

அவள் ஆசையாகப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். புரளவில்லை. அச்சகத்தார் ஓரம் வெட்ட மறந்த தாள்கள் தொடக்கம் முதல் கடைசிவரை ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன.

"ஏங்க, இதை எப்படிங்க படிச்சீங்க?"

"நீதான் தினமும் கதை கதையா சொல்றியே. அதைக் கேட்டாலே படிச்ச மாதிரிதானே?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கப்பல் இரண்டாவது முறையாக அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் பக்கங்களை அலமாரியில் வைத்துவிட்டு, அதிகாரியிடம் எரிச்சலோடு சொன்னாள்: "முதல் அத்தியாயத்தையும் வெட்டிடலாம் சார். ஆரம்பிச்சாத்தானே முடியும்?"

குத்தலாகத்தான் சொன்னாள். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இது எனக்குத் தோணாமப் போச்சே!" முதல் அத்தியாயங்களும் அலமாரிக்குள் போயின. முன்னும் பின்னும் இல்லாமல் நடுப்பகுதி மட்டும் அநாதையாகக் கிடப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்று அதுவும் போயிற்று. இப்போது அந்த நூலகத்தின் தொடர் நாவல்கள் வெறும் அட்டைகளாக, தூசி தட்டப்பட்டு, கம்பீரமாக நிற்கின்றன. மன்றத்தார் வந்து அணைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பைவிட லேசாக இருப்பதாகப் பாராட்டுகிறார்கள். ஒரு துக்கம்கூடப் பதிவாகாத நூலகம் என்று அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பொன்னாடை வந்தது.

உதவியாளர் அம்மா தினமும் சீக்கிரமே வந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது ஒருவர் வந்து, "என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்று சண்டை போடுவார், அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, அலமாரியைத் திறந்து கொடுத்து, படித்து முடித்தபின் ஆசை தீரப் பேச வேண்டும் என்பது அவள் கணக்கு.

இன்றைய தேதிவரை யாரும் வரவில்லை. நீங்களும்தான்.