தொண்ணூற்றொரு முறை சோதிக்கப்பட்ட படகு

மனித குலம் இதுவரை கேட்ட கேள்விகளிலேயே உன்னதமானவை மின்னசோட்டா மாநிலத்தில், மிட்டன் ஏரியின் பொதுப் படகுத்துறையில், காலை ஆறே முக்கால் மணிக்குக் கேட்கப்பட்டவைதாம். இதில் வெர்லின் க்விஸ்ட்டுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. இரண்டு கோடைக்கு முன்னால் முதன்முதலாகக் கேட்கப்பட்டது அவரிடம்தான். ஒரு சொல்கூட அவருக்கு மறக்கவில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்தப் படகு கடைசியா எந்தத் தண்ணியில இருந்துச்சு?"

"இந்தத் தண்ணியிலதான்."

"எப்போ?"

"நேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"முந்தாநேத்து. இதே தண்ணி."

"நடுவுல வேற எங்கயாவது போச்சுங்களா?"

"வீட்டுக்குப் போச்சு. ராத்திரி தூங்கிச்சு."

கேட்ட அம்மாள் சிரிக்கவில்லை. படிவத்தில் 'வீடு' என்று எழுதிக்கொண்டார்.

"வீட்டுல தண்ணி இருக்குங்களா?"

"குழாய்ல வருது."

"அது சேர்த்தி இல்ல," என்று அடித்துவிட்டார்.

அவர் பெயர் மார்லிஸ் பிரெக்கி. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது எலுமிச்சை மஞ்சளில் ஒரு மேல்சட்டை, கையில் டார்ச், குச்சி முனையில் ஒரு கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை. பதவியின் பெயர் 'நீர்வாழ் அயல் உயிரினத் தடுப்புப் பரிசோதகர்'. பெயர் அட்டையில் அடங்காததால் இரண்டு வரியாக மடித்து அச்சிட்டிருந்தார்கள்.

எதிரி யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி. விரல் நகத்தளவுதான் இருக்கும். உடம்பில் கோடு போட்டிருக்கும். படகின் அடியில், நங்கூரக் கயிற்றில், தேங்கிய கையளவு தண்ணீரில் ஒட்டிக்கொண்டு ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் குடியேறும். வந்தால் போகாது. கல், கம்பம், குழாய் எல்லாவற்றையும் போர்த்திவிடும். கரையில் வெறுங்காலோடு நடப்பவன் பாதத்தைக் கிழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு படகும் நிறுத்தப்பட்டது. அடியில் தண்ணீர் வடிகிற துளையின் தக்கை பிடுங்கப்பட்டது. டிரெய்லர் அச்சில் ஒட்டிய ஒற்றைப் புல்லும் விரலால் எடுக்கப்பட்டு, வெயிலில் பிடித்துப் பார்க்கப்பட்டு, ஒரு வாளியில் சிறை வைக்கப்பட்டது.

வெர்லினுக்கு அறுபத்தாறு வயது. தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, பதினாறு அடி அலுமினியப் படகு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெர்ச் மீன் பிடிப்பது, இவ்வளவுதான் அவருடைய உலகம். அந்தப் படகு பிறந்ததிலிருந்து வேறு ஏரியைப் பார்த்ததில்லை. ஆனாலும் வந்த நாளெல்லாம் சோதிக்கப்பட்டது. வெர்லின் குறைபட்டுக்கொள்ளவில்லை. 'நேத்து எங்க இருந்தீங்க' என்று அக்கறையாக விசாரிக்க அவருக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் படகை ஒருமுறை துடைத்து, தனக்கும் ஒருமுறை தலை வாரிக்கொண்டு வருவார்.

அவர் மனத்தில் ஒரு வேண்டுகோள் இருந்தது. 'ஒரு நாள் என்கூடப் படகுல வர்றீங்களா?' இவ்வளவுதான். இரண்டு கோடையாக அது வாய்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மக்கள் எதையும் நேராகக் கேட்கமாட்டார்கள். உப்பு வேண்டுமென்றால், "சூப்ல உப்பு அளவாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உப்புச் சாடியைப் பார்ப்பார்கள். யாராவது புரிந்துகொண்டு நகர்த்தினால் உண்டு. வெர்லினும் படகைப் பார்த்து, "இதுல ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்," என்பார். மார்லிஸ் படிவத்தில் 'இருக்கை: இரண்டு' என்று குறித்துக்கொள்வார்.

இந்த மாபெரும் பாதுகாப்பின் மூளை டாக்டர் கென்ட் ஹால்வர்சன். நகரத்தில் பிள்ளைகளின் கோணல் பல்லை நிமிர்த்துகிறவர்; கோடையில் ஏரிக்கரையில் இருப்பவர்; கரையோர வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர். படகுத்துறையில் நிற்கும் 'ஏரியைக் காப்போம்' பலகை அவர் உபயம். மார்லிஸ் சம்பளத்தில் பாதி சங்கம் கொடுத்தது. வருஷத்துக்கு ஒருமுறை துறைக்கு வந்து, மார்லிஸின் கையைக் குலுக்கி, "நீங்கதான் நம்ம வாசக்கதவு," என்பார். பிறகு தம் வீட்டு வாசல் வழியாகவே ஏரிக்குள் போய்விடுவார். கரையில் நூற்று நாற்பது வீடுகள். அவற்றுக்குச் சொந்தமாக நூற்று நாற்பது வாசல்கள். அந்த வாசல்களில் கேள்வி கேட்க ஆளில்லை. நல்ல மனிதர்களிடம் கேட்க என்ன இருக்கிறது?

இப்படிக் கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்ட ஏரியில், ஜூலை பதினோராம் தேதி, பொதுப் படகுத்துறைக் கம்பத்தில் மார்லிஸின் டார்ச் வெளிச்சம் ஒரு சிப்பிமேல் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஒரு குடும்பமே.

அந்த வாரமே லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூடியது. காபி வெளுப்பாகவும் துக்கம் கடுப்பாகவும் இருந்தன. நீளத் தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டங்கள் வைத்திருந்தார்கள். கடைசித் துண்டை எடுப்பது அங்கே மரியாதை இல்லை என்பதால் அதைப் பாதியாக, பிறகு பாதியின் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பரிசோதனைப் பதிவேட்டோடு எழுந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்று குற்றம் சொல்ல ஆரம்பித்தார். "ஆனா புள்ளிவிவரம்னு ஒண்ணு இருக்கில்லையா. ரெண்டு வருஷத்துல இந்த ஏரியில அதிகமா சோதிக்கப்பட்ட படகு ஒண்ணே ஒண்ணு. தொண்ணூத்தோரு தடவ. ஒரு படகைத் தொண்ணூத்தோரு தடவ சோதிக்க வேண்டியிருந்திருக்குன்னா, நாம கொஞ்சம் யோசிக்கணும்."

எல்லாரும் யோசித்தார்கள். யோசித்த தலைகள் வெர்லின் பக்கம் மெதுவாகத் திரும்பி, நாகரிகம் கருதி உடனே காபியைப் பார்த்தன.

"நம்ம வெர்லின் தங்கமான மனுஷர்," என்றார் டாக்டர். "அதே சமயம், கரையோரப் படகு நூத்தி நாப்பது இருக்கு. அதுல ஒண்ணுமேலகூட இந்தப் பதிவேட்டுல ஒரு புகார் கிடையாது. ஒரு வரி கிடையாது."

மிகவும் உண்மை. அந்தப் படகுகளைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அவை சுத்தமானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தீர்மானம் எளிமையானது. பொதுப் படகுத்துறைக்குக் கதவு போட்டுப் பூட்டிவிடுவது. சிப்பிகள் தாமாகப் போகும்வரை 'தற்காலிகமாக'. கரையில் வீடுள்ளவர்கள் வழக்கம்போல் தங்கள் வாசலைப் பயன்படுத்தலாம். சனிக்கிழமை மாவட்ட ஆணையர் டாக்டர் வீட்டுப் புல்வெளிக்கு விருந்துக்கு வருகிறார். அங்கேயே கையெழுத்துப் போடுவார். பூட்டு விழுந்தால் வெர்லினுக்கு ஏரி இல்லை. கேள்வியும் இல்லை, கேட்கிறவரும் இல்லை.

"வெர்லின், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வெர்லின் எழுந்தார். தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்தார். "அது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே," என்றார்.

கூடம் அதிர்ந்து போனது. அந்த ஊரில் ஒரு மனிதன் இதைவிடக் கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு பெண்கள் எழுந்து போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அங்கே விடைபெறுவது என்பது நாலு கட்டம். நாற்காலியில் ஒன்று, கதவருகே ஒன்று, வண்டிப் பக்கத்தில் ஒன்று, வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை இறக்கிய பிறகு ஒன்று. முதல் மூன்றில் மழை, சோளம், யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் வரும். சொல்ல வந்தது நாலாவதில்தான் வெளியே வரும். வெர்லின் தம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் வெளியே ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மழைன்னாங்க."

"சோளத்துக்கு நல்லது."

"ஆமா." மார்லிஸ் கையை எடுக்கவில்லை. "வெர்லின், டாக்டர் வீட்டு லிஃப்ட்டப் பாத்திருக்கீங்களா?"

படகு லிஃப்ட் என்பது தண்ணீருக்குள் நான்கு கால் ஊன்றி நிற்கும் அலுமினியக் கட்டில். சக்கரத்தைச் சுற்றினால் படகைத் தூக்கி அலைக்கு மேலே ஏந்திக்கொள்ளும். டாக்டருடையதற்கு வெள்ளைக் கூரையும் உண்டு.

"பாத்திருக்கேன். பெருசு."

"அது பழசு. வேற ஏரியிலேர்ந்து வாங்கினது. நான் வேலைக்குச் சேந்த முதல் வாரம் லாரியில கொண்டுபோனாங்க. என் முன்னாடிதான் போச்சு. தண்ணி சொட்டிக்கிட்டே போச்சு, வெர்லின். ரோட்டுல கோடு மாதிரி. மூணு வாரம் கரையில காய வெச்சுட்டுத்தான் இறக்கணும்னு சட்டம். அது மூணு மணி நேரம்கூடக் காயல."

"நீங்க நிறுத்தலையா?"

"துறைக்கு வர்றதத்தான் நான் நிறுத்தலாம். அது தனியார் ரோட்டுல திரும்பிருச்சு. டிரைவர் கை காட்டினான். நானும் கை காட்டினேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அதுக்கப்புறம் டாக்டர் வந்து கை குலுக்குறப்பெல்லாம் கேக்கணும்னு நெனைப்பேன். 'அந்த லிஃப்ட்ட ஒரு தடவ பாக்கட்டுமா'ன்னு. ரெண்டு வருஷமா தொண்டையில நிக்குது. உங்க படகுக்கு அடியில தொண்ணூத்தோரு தடவ குனிஞ்சேன். அவர்கிட்ட ஒரு தடவ வாயத் தொறக்கல."

"எப்படிக் கேக்குறது," என்றார் வெர்லின், மனதார. "விருந்தாளியாப் போயி அவங்க கட்டிலுக்கு அடியில எட்டிப் பாக்குற மாதிரி."

"அதேதான்," என்றார் மார்லிஸ். பிறகு இருவரும் இன்னும் கொஞ்சம் சோளத்தைப் பற்றிப் பேசினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வெர்லின் கடைசியாக ஒருமுறை படகோடு வந்தார். மார்லிஸ் குனிந்தார். கண்ணாடிக் குச்சியை நீட்டினார். தக்கையைப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை, ஒரு கேள்வியும் விடுபடவில்லை. தொண்ணூற்றிரண்டு.

"சுத்தம்," என்றார்.

படகு தண்ணீரில் இறங்கியது. வெர்லின் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்தார். "இதுல ரெண்டு பேரு…"

"தாராளமா உக்காரலாம். ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன்," என்ற மார்லிஸ், டார்ச்சையும் குச்சியையும் படிவப் பலகையையும் எடுத்துக்கொண்டு ஏறி முன்பக்கத்தில் உட்கார்ந்தார். "அவங்க நிலத்துல நான் கால் வெக்க முடியாது. தண்ணி பொதுதானே. கெளப்புங்க."

வெர்லினுக்கு இயந்திரத்தின் கயிற்றை மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு தடவை அவர் வேறு எதையோ பிடித்து இழுத்திருந்தார்.

டாக்டர் வீட்டுக் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரமேடையில் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஆணையர் வந்திருந்தார். விருந்தாளிகளை ஏற்றி இறக்கிய டாக்டரின் படகு மேடையில் கட்டியிருந்தது. லிஃப்ட் காலியாகத் தண்ணீருக்குள் தாழ்ந்திருந்தது. காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. லிஃப்ட்டின் நான்கு கால்களும் கம்பளிக் காலுறை போட்டிருந்தன, கோடு போட்ட கம்பளி.

வெர்லின் பார்த்தார். மார்லிஸ் பார்த்தார். மேடை விளிம்புக்கு வந்த ஆணையரும் பார்த்தார். "நல்ல வெயில்," என்றார் ஆணையர்.

"அமோகமான வெயில்," என்றார் டாக்டர். "அட, நம்ம வாசக்கதவு! காபி குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம் டாக்டர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார் மார்லிஸ்.

"ஒரு சிரமமும் இல்ல."

"இல்லல்ல, இப்பத்தான் குடிச்சோம்."

"அரைக் கோப்பையாவது."

மூன்றாம் முறை மறுக்கக்கூடாது. வெர்லின் படகை மேடையோடு கட்டினார், அரைக் கோப்பை படகுக்கே வந்தது. குடித்தார்கள். மழை வரவில்லை என்றார்கள். ஆணையர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் காகிதத்தை மேசையில் விரித்தார். மார்லிஸ் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னார். அது முதல் விடைபெறல். மேடையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்; இரண்டாவது. வெர்லின் துடுப்பால் மெல்லத் தள்ளினார், மூன்றாவது. படகு ஒரு கை தூரம் விலகியது. டாக்டர் கை காட்டினார். வெர்லினும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்.

மார்லிஸ் கை காட்டவில்லை. லிஃப்ட்டின் காலைத் தண்ணீருக்குள் எட்டிப் பிடித்துப் படகை நிறுத்தினார். சிப்பி உள்ளங்கையைக் கிழித்தது, அவர் விடவில்லை. இன்னொரு கையால் படிவப் பலகையை மடியில் வைத்து, புதிய தாளைத் திருப்பினார். ஆணையரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் டாக்டர்," என்றார், தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கேட்கும் அதே குரலில். "அந்தச் சக்கரத்தச் சுத்தி இத மேல தூக்குங்க, அடியில பாக்கணும். கடைசியா இது எந்தத் தண்ணியில இருந்துச்சு?"