அரையடி சாரின் நடுப்பெட்டி

ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்குவதற்குத் தெருவுக்கே நோட்டீஸ் விட்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். பாப்பாரப்பட்டியில் நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, தாலி கட்டி முடிக்கத் தனக்குப் பதினெட்டு நாள்தான் ஆனது என்பார். அந்தப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டியும் அமையவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அவர் அரையடி சார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வருஷம் சொந்தத் தெருவையே அளக்க நேர்ந்தபோது, பக்கத்து வீட்டு மாதையனின் புதுச் சுவர் பொதுவழியில் அரையடி ஏறியிருப்பதாக எழுதிவிட்டார். சுவரை இடித்தார்கள். மாதையன் பேச்சை நிறுத்தினார். பங்காளி, சம்பந்தி என்று தெருவில் பாதிப்பேர் மாதையனுக்கு வேண்டியவர்கள், அவர்களும் நிறுத்தினார்கள். மீதிப்பேர் தங்கள் சுவர்களை நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் மனைவியோ பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆக, அந்த வீட்டில் வாய் திறந்து பேசியது டிவி ஒன்றுதான்.

அதற்கும் கேடு வந்தது. மருமகன் தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழைய ஹோம் தியேட்டரை மாமனாருக்கு அனுப்பிவைத்தார். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி, முதுகுப் பக்கம் இரண்டு, தரையில் உறுமுவதற்கென்று பெரிதாக ஒன்று. டிவிக்குக் கீழே நடுவில் வைக்கிற சென்டர் ஸ்பீக்கர் மட்டும் வீடு மாற்றும்போது எங்கேயோ தொலைந்துவிட்டது. சினிமாவில் ஆட்கள் பேசுகிற பேச்சு பெரும்பாலும் அதில்தான் வரும். நான் அரசுப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார் என்று தெரிந்துகொண்டு, அரையடி சார் ஒரு நாள் சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்.

"சண்ட கேக்குதுங்க சார். பாட்டு கேக்குது. மழ பேஞ்சா முதுகு நனையற மாதிரி கேக்குது. மனுசன் பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குதுங்க."

நானும் தனியாள்தான். மனைவிக்குத் தஞ்சாவூரில் வேலை, பிள்ளையும் அங்கேதான். மாதம் ஒரு முறை போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைத் தேய்த்து முடித்தால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. போனேன்.

ஹாலில் நுழைந்ததும் தலை சுற்றியது. நிலத்தை அளந்து வரைவது போல, அந்த ஹாலுக்கே ஒரு புலப்படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உட்பிரிவு எண்; சோபாவுக்கும் ஒன்று. தரையில் சாக்பீஸ் கோடுகள். கேட்பவர் காது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மேலேயிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என் காது நூலைத் தாண்டிப் போனதால் என்னைக் கொஞ்சம் குனிந்து உட்காரச் சொன்னார்.

தர்மபுரியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த பாய் ஒருவர், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாரம் ஒரு பெட்டியாகக் கொடுத்தனுப்பினார். அவர் கடைக்கு ஒரு காலத்தில் அரையடி மீட்டுக் கொடுத்தவர் இவர்தான். முதல் பெட்டியில் பேசியவர்கள் எல்லோருக்கும் ஜலதோஷம். இரண்டாவதில் எல்லோரும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு பேசினார்கள். மூன்றாவதில், இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பேசியவன் நடுவில் வந்ததும் வேறு ஆளாகி, வலப்பக்கம் போனதும் பழைய ஆளானான்.

"பக்கத்துப் பொட்டிங்களோட ஒத்துப்போவணுங்க சார். அக்கம்பக்கம் ஒத்துக்காம நடுவுல ஒருத்தன் எப்பிடிக் குடியிருக்கறது?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் கேட்டுச் சொல்வது செல்லாது என்று பிறகு முடிவெடுத்தார். நிலத்தை அளக்கும் முன் அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபணை கேட்பது முறை. அதே முறைப்படி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நடுப்பெட்டி பரிசோதனை நடைபெறும், ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் தெரிவிக்கலாம் என்று கைப்பட எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தார். டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தால் ஒருத்தரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். குறை சொல்லக் கூப்பிட்டால் நம் ஜனங்கள் வராமல் இருப்பார்களா? முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள், அப்புறம் ஒன்பது பேர். போண்டாவும் தக்காளிச் சட்னியும் அவரே செய்வார்.

சோதனைக்கு எப்போதும் ஒரே காட்சிதான். ஆஸ்பத்திரியில் ஓர் அப்பா மகனிடம் மெதுவாகப் பேசிவிட்டுக் கண்ணை மூடுவார். அந்த அப்பா எங்கள் தெருவில் நாற்பது தடவையாவது செத்திருப்பார். கோடி வீட்டு ராஜம்மா அக்கா நாற்பது தடவையும் அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டி சரியில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

மாதையனுக்கும் வாராவாரம் நோட்டீஸ் போனது. அரையடி சார் அதைக் கேட்டில் செருகிவிட்டு வருவார். எட்டு வாரம் மாதையன் அதைத் தொடக்கூட இல்லை. ஒன்பதாவது வாரம், தெருவே உள்ளே கூடித் தகராறு பண்ணும்போது தான் மட்டும் வெளியே இருப்பது பொறுக்காமல் வாசல் வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அரையடி சார் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தம் எங்க வூடு வரைக்கும் வருது, பேச்சு வரல. இது ஆவாதுன்னு எழுதச் சொல்லுங்க வாத்தியாரே. அடுத்த பொட்டி வரட்டும், பாக்கலாம்."

அரையடி சார் எழுதினார். போண்டாத் தட்டை என்னிடம் கொடுத்து நீட்டச் சொன்னார். மாதையன் எடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்து தொலைத்தது. அந்த ஹோம் தியேட்டர் மெஷினின் கையேட்டை நெட்டில் தேடிப் படித்தேன். மெனுவில் போய், நடுப்பெட்டி இல்லை என்று ஒரு வரியை மாற்றினால் போதும். பேச்சை அதுவே இரண்டு பக்கப் பெட்டிகளுக்கும் பிரித்து அனுப்பிவிடும். ஓடிப்போய் ரிமோட்டை வாங்கி மாற்றினேன். அப்பா தெளிவாகப் பேசிவிட்டுச் செத்தார். இனிமேல் பெட்டியே வேண்டாம் என்று அவரிடம் சொல்லி, மெடல் வாங்கியவன் போல் நின்றேன்.

அவர் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். "நல்லா கேக்குதுங்க," என்றார். இல்லாததை எழுதத் தெரியாத மனிதர். உள்ளே போய், எழுதி வைத்திருந்த அடுத்த நோட்டீஸ் கட்டை எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதினார்.

அந்த ஞாயிறு நாலு மணிக்கு என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெரு வெறிச்சென்று கிடந்தது. எதிர் வீட்டு ஹாலில் அவர் சாக்பீஸ் கோட்டுக்குள் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார். டிவியில் யார் யாரோ அட்சரசுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதையன் தன் வாசலுக்கு வந்து, இரண்டு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மனிதப் பேச்சு கேட்கவில்லை என்று வந்தவருக்கு, கேட்க ஆரம்பித்திருந்ததையும் நிறுத்திவிட்டேன்.

நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். அந்தக் காட்சியைப் போடச் சொல்லி, நூலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.

"தப்பா சொல்லிட்டேன் சார். பேச்சு சரியா வரல. நடுப்பெட்டி இல்லாம முடியாது," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகப் பொய்ச் சாட்சிகளைப் பார்த்த கண்.

"ஆட்சேபணைங்களா சார்?"

"ஆமா சார்."

"அப்ப எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாய்க்குப் போன் போட்டார்.

அடுத்த ஞாயிறு மாதையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பெட்டி ஆகாது என்றார். போண்டாவில் உப்பு கம்மி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அரையடி சாரைப் பார்த்தே சொன்னார்.

எனக்கு இப்போது தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, பெட்டி அமைந்ததா என்று கேட்பேன். பின்னால் ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். "இன்னும் அமையலீங்க சார்," என்பார். கோயிலுக்குப் போனால் மனைவிக்கும் பிள்ளைக்கும் வேண்டிக்கொண்ட பிறகு அவருக்காகவும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெட்டி மட்டும் அவருக்கு அமைந்துவிடக் கூடாது.