வள மையத்தில் ஒரு பயனாளி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படியாக ஏதாவது நடந்திருக்கிறது என்றால், அது எங்கள் நடுநிலைப் பள்ளியில் ‘பெற்றோர் உதவி வள மையம்’ திறக்கப்பட்டதுதான். அலுவலகக் கண்காணிப்பாளர் என்ற முறையில் அந்தத் திறப்பு விழாவில் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டியவன் நான். ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நேற்று வரை மடியில் உட்கார்ந்த பிள்ளை இன்று அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறது. அவர்களுக்கு உதவுவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. உதவுவதற்கு ஓர் அறை வேண்டும். பள்ளியில் சும்மா இருந்த அறை ஒன்றே ஒன்றுதான்: நோயறை. அதில் ஒரு கட்டில், ஒரு திரை, பஞ்சும் துணியும் மாத்திரையும் வைத்த ஓர் அலமாரி. வாரத்துக்கு நாலைந்து பிள்ளைகள் வந்து படுத்துவிட்டுப் போவார்கள். படுப்பதற்கெல்லாம் ஓர் அறையா? கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்கு அடியில் போட்டோம். அலமாரியைக் காலிசெய்து கையேடுகளை அடுக்கினோம். நர்ஸை, ‘பெற்றோரிடம் கனிவாகப் பேசுவது எப்படி’ என்ற மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தோம்.

மொத்தம் நாற்பத்தொரு கையேடுகள். ‘சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுவது எப்படி?’, ‘வீட்டுப்பாடம்: உண்மையில் யார் செய்கிறார்கள்?’, ‘வளரும் மகள்: பதற்றமில்லாத பத்துப் படிகள்’. ஒவ்வொன்றும் வழவழ காகிதத்தில், சிரிக்கும் குடும்பத்தின் படத்தோடு. எல்லாவற்றிலும் ஒரே குடும்பம்தான் சிரித்தது. பிள்ளைகள் இதை ‘வளவள மையம்’ என்று அழைத்தார்கள். மக்கள் மனதில் இடம்பிடித்துவிட்டதற்கு இதைவிட அடையாளம் வேண்டுமா?

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஓர் இளைஞர். எந்தக் கேள்விக்கும் “நல்ல கேள்வி” என்று பாராட்டுவார். பதில் சொல்லி அந்தப் பாராட்டைக் கெடுக்க மாட்டார்.

திறந்து இரண்டு வாரமாகியும் ஒரு பெற்றோர்கூட வரவில்லை. எங்கள் ஊக்கம் குறையவில்லை. அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளையில், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல், அதற்கும் கீழே இரண்டு கைகளாலும் பின்னால் பிடித்திருந்தாள்.

“நர்ஸ் அக்கா இல்லையா சார்?”

“பயிற்சிக்குப் போயிருக்காங்க. நீ பெற்றோரா?” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“இல்ல சார்.”

“இது பெற்றோருக்கான மையம்மா. பெற்றோரைக் கூட்டிட்டு வா.”

“வயிறு வலிக்குது சார்.”

“நல்ல கேள்வி. அதுக்குக் கையேடு இருக்கு. ஆனா பெத்தவங்க கையிலதான் குடுக்கணும்.”

நான் ஈரமில்லாதவன் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா” என்றேன். அவள் உட்காரவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் முன்னால் உட்காராத பிள்ளை இந்தக் காலத்திலும் இருக்கிறதே என்று நானும் அவரும் மெச்சிக்கொண்டோம். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. மையத்தைப் பார்த்த பூரிப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

அவளுடைய அம்மா பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். போன் போட்டேன்.

“உங்க பொண்ணுக்கு வயித்து வலியாம்மா. இங்கதான் நிக்கிறா.”

“நிக்கிறாளா? உக்காரச் சொல்லுங்க சார்.”

“சொல்லிட்டேன். மாட்டேங்கிறா. ரொம்ப மரியாதையான பொண்ணும்மா.”

மறுமுனையில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பத்தே நிமிடத்தில் அம்மா வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கையில் ஒரு காகிதப் பை. எங்கள் முதல் பெற்றோர்! ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்றே வரவேற்று, படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“வாங்கம்மா, வாங்க. முதல்ல இந்தத் தேவை மதிப்பீட்டுப் படிவம். உங்க குழந்தைய மூணே வார்த்தையில...”

அம்மா மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். நாற்பத்தொரு கையேட்டில் எதிலும் இல்லாத வேகத்தில் ஏதோ பரிமாறப்பட்டது.

“தம்பி, தள்ளுங்க. இங்க ஒரு கட்டில் இருந்துச்சே, எங்க?”

“அதவிட நல்ல வசதி வந்திருக்கும்மா. பிள்ளைங்க ஓய்வெடுக்கிறது ஏன் முக்கியம்னு படம் போட்டு, கலர்ல...”

“திரை?”

“திரை நேரத்தைக் குறைக்கிறது பத்தித் தனிக் கையேடே இருக்கும்மா.”

அம்மா பெருமூச்சு விட்டார். “ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க.”

“அம்மா, எட்டாவது கேள்விய மட்டுமாவது... கடைசியா எப்போ உங்க பிள்ளையோட மனசு விட்டுப் பேசினீங்க?”

“இப்ப பேசப்போறேன். அதுக்குத்தான் வெளிய போகச் சொல்றேன்.”

கதவு எங்கள் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுவது பற்றிய கையேடு, துரதிருஷ்டவசமாக, உள்ளே இருந்தது. அதனால் பேசாமல் நின்றோம். நடுநிலைப் பள்ளி அல்லவா, நடுநிலை வகித்தோம்.

உள்ளே முதலில் அழுகைச் சத்தம். அப்புறம் அம்மாவின் குரல் தாழ்ந்து கேட்டது. “அட அசடே, இதுக்கா அழுவாங்க? இது நோயில்லடி. இந்த வயசுல எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதான். எனக்கு எங்க வந்துச்சு தெரியுமா? கணக்குப் பரீட்சையில. நான் பாட்டுக்கு எழுந்திரிக்காம கடைசி வரைக்கும் எழுதிட்டே இருந்தேனா, அந்தத் தடவை நாந்தான் வகுப்புல முதல்!”

பிறகு ஒரு சிரிப்பு. அம்மா சிரித்ததா, மகள் சிரித்ததா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை. பத்துப் படிகளில் முடிய வேண்டிய விஷயம் மூன்றே நிமிடத்தில், படமில்லாமல் முடிந்துபோனதில் ஒருங்கிணைப்பாளருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கதவு திறந்தது. சிறுமி நிமிர்ந்து வந்தாள். சீருடைக்கு மேல், இடுப்பைச் சுற்றி, ஒரு நீலத் துணி கச்சிதமாகக் கொசுவி முடியப்பட்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். ‘குழந்தையின் தேவையே எங்கள் சேவை’ என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்த பேனரைக் காணோம். ஆணிகள் மட்டும் இருந்தன.

“அம்மா, அது மையத்தோட...”

“எழுத்தெல்லாம் உள்பக்கம் போற மாதிரி மடிச்சிருக்கேன் தம்பி, யாருக்கும் தெரியாது. நல்ல பருத்தி. இந்த ரூம்லயே உருப்படியானது இதுதான்.”

மகளின் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வாசகம் ஒரு குழந்தையைத் தொட்டது அன்றுதான் முதல் முறை.

மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஆய்வு அலுவலர் வந்தார். கையேடுகளைத் தடவிப் பார்த்து, காகிதத்தின் தரத்தைப் புகழ்ந்தார். சிரிக்கும் குடும்பத்தைப் பார்த்துத் தாமும் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, “எல்லாம் பிரமாதம். குழந்தைங்க யாருக்காவது ஏதாவது பயன்பட்டுச்சா?” என்று கேட்டார்.

“நல்ல கேள்வி” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

இருபத்தாறு ஆண்டு பணியில் நான் பொய்யாக ஒரு வரிகூடப் பதிந்ததில்லை. ஆகவே அறிக்கையில், ‘பயன்பாடு’ என்ற கட்டத்தில், என் கையாலேயே உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டேன்:

“மையத்தின் பொருள்களில் ஒன்று, ஒரு மாணவிக்கு, ஒரே ஒரு முறை பயன்பட்டுள்ளது. முன் அனுமதியின்றிப் பயன்பட்டுவிட்டதால், தாயாரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. இனி இவ்வாறு நிகழாது.”