டைம்கீப்பரின் எட்டு செக்கன் ஜூஸ்

பஸ்ஸுக்கும் தேசிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கண்டியில், கட்டுக்கலைப் பக்கம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார்.

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே தெரியாது. எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர். கலஹாவுக்கும் புசல்லாவைக்கும் போகிற பிரைவேட் பஸ்கள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்துத் துரத்துவதுதான் உத்தியோகம். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். ஒரு நிமிஷம் பிந்தினால் "யமு யமு" என்று சிங்களத்தில் விரட்டுவார். மலைப்பாதையில் எமனுக்கே பயப்படாத டிரைவர்கள் இந்த ஒல்லி மனிதரைக் கண்டால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள்.

சரி, இது உத்தியோகம். உத்தியோகத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? கோயிலில் ஐயரைப் பிடித்து, "ஆறு மணிப் பூசைய ஆறு நாலுக்கு எடுக்கிறீங்க, பின்னால நிக்கிற சனம் என்ன பண்ணும்?" என்று கேட்டவர் இவர். ஐயர் இன்றுவரை இவருக்கு விபூதி கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பிரேசில்காரப் பெண் ஒரு ஜூஸின் பக்குவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ்ஸைத் தவறவிட்டு, நல்ல வெயிலில் பஸ் ஸ்டாண்டில் இவர் உட்காரும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தன் ஊரில் வெயிலுக்கு என்ன குடிப்பார்கள் என்று போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இங்கிலீஷில் பஸ் நம்பர் மட்டும் தெரியும். ஆனால் பிளெண்டரை எட்டு செக்கன்தான் ஓடவிட வேண்டும் என்று அவள் எட்டு விரலை நீட்டிக் காட்டியது மட்டும் இவர் மனதில் பதிந்துபோயிற்று.

நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சை. தோல் மெல்லிசாக இருக்க வேண்டும். சந்து முனையில் கடை வைத்திருக்கும் கெலிஓயா நானாவின் கூடையில் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்ப்பார். நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "நீங்க தேசிக்கா வாங்க வந்தீங்களா, மருமகன் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

காயின் இரண்டு முனையையும் நறுக்கி, நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துவிட்டு, தோலோடு நாலாக வெட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டு எட்டு செக்கன் அடிப்பார். ஒன்பதாவது செக்கனில் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். வடிகட்டி, இனிப்பான டின்பால் ஊற்றி, ஐஸ் போட்டு, மறுபடி ஒரு சுற்று. பால்வெள்ளையாக, வழவழவென்று, மேலே நுரை நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, முதல் மடக்கிலேயே வெயில் அடித்தது மறந்துபோகும். ஆனால் பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் கசப்பு தலைகாட்டும். பத்து நிமிஷம் என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகு டைம்கீப்பரைக் கையில் பிடிக்க முடியுமா?

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் சந்தில் விளையாட்டுப் போட்டி வைப்போம். அதில் ஜூஸ் அவர் பொறுப்பு. கிளாஸைக் கையில் கொடுத்ததும் விசில் ஊதுவார். பத்தாவது நிமிஷம் மறுபடி விசில். குடிக்காமல் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கிவிடுவார். பரிசு கொடுக்க வந்த பாதர் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் செபம் சொல்லத் தொடங்கினார். டைம்கீப்பர் பக்கத்தில் போய்க் குனிந்து, "பாதர், ஆமென் கொஞ்சம் முன்னுக்குப் போடுங்க, ரெண்டு நிமிஷந்தான் இருக்கு" என்றார். பாதர் பாவம், ஒரு கண்ணைத் திறந்து குடித்துவிட்டு மிச்சச் செபத்தைச் சொன்னார்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்தவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கந்தோர் உத்தியோகம், சொந்த வீடு, தலையில் பாதி முடி. ஐந்து சம்பந்தம் வந்து ஐந்தும் தட்டிப் போயிருந்தன. ஆறாவதாக வந்தவள் மாலா. புசல்லாவையில் டீச்சர். இரண்டு மாதம் போனில் பேசியதில், இவள் இல்லாவிட்டால் இனி எவளும் வேண்டாம் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன். அவளுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் முடிவு சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவரும் பெரியம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வந்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போவார்கள். அதனால் பேசி முடியும்வரை கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள், குடிக்க மாட்டார்கள். முன்பு வந்த ஐந்து வீட்டாரும் எங்கள் டீயைத் தொடவில்லை. அம்மா அந்த நினைப்பிலேயே காலையிலிருந்து டீத்தூள் டப்பாவைத் திறக்கவில்லை.

"டீ இந்த வீட்டுக்கு ராசியில்ல தங்கச்சி. ஜூஸ நான் போடுறேன்" என்று டைம்கீப்பர் பிளெண்டரோடு எங்கள் குசினிக்கு வந்துவிட்டார். "எவ்வளவு நேரம் பேசுவாங்க?"

அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஒரு பத்து நிமிஷம் பேசுவாங்கண்ணே."

யாரிடம் பத்து நிமிஷம் என்று சொல்கிறோம் என்று அம்மா யோசிக்கவில்லை.

அவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் பிளெண்டர் எட்டு செக்கன் உறுமியது. நுரை ததும்ப இரண்டு கிளாஸ் வந்தது. பெரியப்பா வாங்கிக்கொண்டு, "தம்பிக்கு வேலை நிரந்தரமா?" என்று ஆரம்பித்தார். அவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலை மென்று விழுங்கி, அடுத்த கேள்விக்கு வர மூன்று நிமிஷம் பிடித்தது. கூரை எந்த வருஷம் போட்டது என்ற கேள்வியில் இருக்கும்போது, டைம்கீப்பர் உள்ளேயிருந்து வந்து அவர் கையிலிருந்த கிளாஸை உருவினார். பெரியம்மாவின் கிளாஸையும் எடுத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும், டைம் முடிஞ்சிருச்சு. வேற கொண்டாறேன்."

வீடு பார்க்க வந்தவர் கையில் கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிய சரித்திரம் எங்கள் சாதிசனத்தில் இல்லை. பெரியப்பாவின் மீசை அசைந்தது. புதிதாக இரண்டு கிளாஸ் வந்தது. என் மூத்த மாமாவின் குடும்பம் பற்றி அவர் விசாரித்து முடிப்பதற்குள் அதுவும் போயிற்று. மூன்றாவது முறை வந்த கிளாஸும் என் ரத்த அழுத்தம் பற்றிப் பேசும்போது போயிற்று. அப்போது உண்மையிலேயே எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து அவருடைய பஸ் ஸ்டாண்டிலேயே கொண்டுபோய்த் தள்ள வேண்டும் போலிருந்தது.

நாலாவது கிளாஸை வாங்கியதும் பெரியப்பா அதை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தார். "சரி, நாங்க போய்ட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். இந்த வசனம் எனக்கு மனப்பாடம். ஐந்து முறை கேட்டிருக்கிறேன். சொல்லியும் வராது, அனுப்பியும் வராது. நான் மாலாவுக்குப் போனில் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் குசினி வாசலில் தலையை நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரியம்மா அவரைப் பார்த்தார், கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். அண்ணாந்து மடக் மடக்கென்று முழுவதையும் குடித்து முடித்தார்.

"என்ன காரியம் பண்ணுன?" என்றார் பெரியப்பா.

"பின்ன என்னங்க? புசல்லாவையிலருந்து நின்னுகிட்டே வந்திருக்கேன், நாக்கு ஒட்டிப்போச்சு. மூணு தடவ குடுத்துக் குடுத்துப் பறிச்சிட்டாரு. இதையும் கொண்டு போயிருவாரோன்னு பயந்துட்டேன்."

"நாம இன்னும் முடிவு சொல்லலியே."

"அதான் கை நனைச்சாச்சே, இனி என்னத்தச் சொல்றது? பையன் நல்ல பையனாத்தான் தெரியுது. பேசாம குடிங்க, அந்த மனுசன் வாராரு."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். டைம்கீப்பர் இரண்டடி முன்னால் வந்திருந்தார். பெரியப்பா கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று முதல் தடவையாகச் சிரித்தார். என் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அந்த மனிதரை இரண்டு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று குசினிக்குள் போனேன். திருப்பி எடுத்த ஆறு கிளாஸையும் வரிசையாக வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தார். முகம் கோணியிருந்தது. நாலு காலியாகியிருந்தன.

"கசக்குமே மாமா, ஊத்திருங்க" என்றேன்.

"டின்பால் போட்டத ஊத்த மனசு வரல தம்பி" என்றார். காலிக் கிளாஸ்களை ஒதுக்கி வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்தக் காலத்துல என்னப் பாக்க எங்க வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. நாலு தடவ. நல்லாத்தான் பேசுவாங்க. பேசிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்புறம் அந்த ஆறிப்போன டீய நானும் அம்மாவும் உக்காந்து குடிப்போம். இன்னைக்கு வந்தவங்க வாயில வைக்கிறது நல்லதா இருக்கணும்னு நெனச்சேன். கசந்தத வாயில வச்சா எந்திரிச்சிருவாங்கல்ல? அதான் பறிச்சேன்."

மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. அவரைத் தனியாகக் குடிக்க விட எனக்கு மனம் வரவில்லை.