சித்தப்பாவின் முகத்தில் என் கண்

எனக்குக் கண் வரைய வராது. மூக்கு வரும், காது பிரமாதமாக வரும், வழுக்கைத் தலையை என்னைப் போல வரைய பெங்களூரிலேயே ஆள் கிடையாது (வழுக்கையில் வரைய என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது). கண் மட்டும் வராது. இதை நான் புதிதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆஸ்டின் டவுனில் ஒரு தெரு முழுக்கத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மெட்ரோதான் காரணம். பீன்யாவில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை, பக்கத்திலேயே வாடகை அறை. எங்கே போனாலும் பையில் ஒரு படநோட்டும் பென்சிலும் இருக்கும். பஸ், ரயில், டீக்கடை, பல் டாக்டர் வாசல் என்று உட்கார்ந்த இடத்தில் எல்லாம் எதிரே இருப்பவரை வரைந்துவிடுவேன். ஆனால் முழித்துக்கொண்டிருப்பவரை உற்றுப் பார்த்தால் சும்மா விடுவாரா? ஒருமுறை மீசைக்காரர் ஒருவர், "ஏன் நோட்தா இதீயா?" என்று எழுந்தே வந்துவிட்டார். எதைப் பார்க்கிறாய் என்று கன்னடத்தில் கேட்கிறார். உங்கள் மீசையை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அன்று முதல் தூங்குகிறவர்களை மட்டும்தான் வரைந்தேன். இந்த ஊரில் தூங்கி வழிகிறவர்களுக்கா பஞ்சம்? நோட்டு நோட்டாக நிரம்பியது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு ஹாஸ்டல் அறைக்குள் விடியற்காலையில் நுழைந்த மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்டின் டவுனில் முனுசாமி சித்தப்பா வீட்டில் சாப்பாடு. காலமாகிவிட்ட என் அப்பாவின் தம்பி. வீடு வீடாகப் போய் எலக்ட்ரிக் வேலை செய்வார். பிள்ளைகள் இல்லை. நாலு பேர் சாப்பிடும் அளவுக்குச் சித்தி கறிக்குழம்பு வைப்பாள். நான் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அப்புறம் சித்தப்பா பிளாஸ்டிக் சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் வரைய ஆரம்பிப்பேன்.

கரண்டு கம்பியைக் கையால் பிடிக்கிற மனுஷனுக்கு போட்டோ என்றால் பயம். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாண ஆல்பம் இருந்தது. ஒரு மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அதுவும் போயிற்று. பென்சிலுக்கு மட்டும் அவர் பயப்படவில்லை. "இதுல பிளாஷ் அடிக்காது இல்ல? வரஞ்சிக்கோ. ஆடக் கூடாதா? சரி, ஆடல" என்பார். உடனே தூங்கிவிடுவார். இப்படி ஒரு மாடல் எனக்கு வாய்த்ததே என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டம்ளரில் பாதி டீ மிச்சம் இருந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் முதலில் சாமியானா, அடுத்து ஃபிளெக்ஸ் பேனர். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு மேல், கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் முகம். எதிர்வீட்டு டேவிட் அண்ணன்தான் தெருவில் எந்த மதத்துச் சாவு என்றாலும் முன்னால் நிற்பவர். போட்டோ கேட்டார். இருந்தது ஆதார் அட்டைதான். சித்தி அதை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல அவரு அப்பவே போய்ட்ட மாதிரி இருக்காருப்பா. வேணாம். கண்ணத் தொறந்துட்டு, நல்லா இருக்கிற மாதிரி ஒரு படம் போடுங்க. நாளைக்கு நான் பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்துக்கு ஒரே ஓவியன். இத்தனை வருஷம் இதற்காகத்தான் வரைந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நோட்டுகளோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். (போன வேகத்தில் காலில் செருப்பு இல்லை என்பதைக்கூடப் பார்க்கவில்லை.)

கடைக்காரர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "கண்ணு முச்சிதே சார். சத்தவரு தரா இதாரே." கண் மூடியிருக்கிறது, செத்தவர் மாதிரி இருக்கிறார் என்கிறார்.

"செத்துதாங்க போய்ட்டாரு."

"அதுக்குன்னு பேனர்லயும் அப்படியேவா சார் போடறது?" என்று தமிழுக்கு மாறினார். அவரிடம் கம்ப்யூட்டரில் சினிமா நடிகர்களின் கண்கள் தனித்தனியாக இருந்தன. எது வேண்டும் என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே வரைகிறேன் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சித்தப்பாவின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இமை தெரியும், இமைக்குக் கீழே உள்ள சுருக்கம் தெரியும், தொங்கும் கன்னம் தெரியும். கண் மட்டும் எத்தனை யோசித்தும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எதிரில் உட்கார்ந்து அந்த மனுஷன் போட்ட சோற்றைத் தின்றவன் நான். அந்தக் கடையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

கடையின் கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. அண்ணன் மகன்தானே, ஒரே ரத்தம்தானே என்று பார்த்துப் பார்த்து என் கண்களை அந்த முகத்தில் வரைந்தேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காக வரைந்த முதல் கண் அதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இந்தக் கதையில் குரங்கு நானேதான்.

அந்த நேரத்தில் என் அம்மா ஹெப்பகோடியில் என் அக்கா வீட்டில் இருந்தாள். டேவிட் அண்ணன்தான் போன் செய்திருந்தார். தூரத்திலிருந்து வர வேண்டியவர்களிடம் செத்துவிட்டார் என்று நேரடியாகச் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "முனுசாமி அண்ணன் சீரியஸா இருக்காரு, கெளம்பி வாங்கம்மா" என்றுதான் சொன்னார். சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்பதும், யாருக்கு என்று சொல்வதையும் அப்படியே நம்பக் கூடாது என்பதும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். கணவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமனார் பெயரைச் சொல்லித்தான் வரவழைப்பார்கள். அம்மா எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். சார்ஜ் போய் என் போன் அணைந்து கிடந்தது. பஸ் சில்க் போர்டு நெரிசலில் நகராமல் நிற்க, அவள் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் எதிரே பேனர். நரைத்த தலையோடு, மாலைக்கு நடுவில், கண்ணைத் திறந்துகொண்டு நான்.

"ஐயோ எம்புள்ள! கொழுந்தன் பேரச் சொல்லி என்னை வரவச்சிட்டீங்களேடா! பெத்தவகிட்டயே மறைச்சிட்டீங்களே பாவிங்களா!"

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். டேவிட் அண்ணன் ஓடினார். "அம்மா, அது முனுசாமி அண்ணன்மா. கீழ பேரு போட்டிருக்கு பாருங்க."

"பேர எவன்டா பாக்கறான்? எம்புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஐயோ, என்ன கவலையோ, தலையெல்லாம் நரச்சிடுச்சே!"

நான் தலைமேல் அடுக்கிய பிளாஸ்டிக் சேர்களோடு சந்திலிருந்து வந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பளாரென்று ஒரு அறை விழுந்தது. சேர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடுத்த நொடி என்னைக் கட்டிக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் தெருவே நின்றது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் அடக்க முடியவில்லை, மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் சித்தப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க தம்பி. அவன் இல்ல, நீங்கதான்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்." அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பாடையைத் தூக்கியபோது சித்தி தெருமுனை வரைக்கும் வந்தாள். பெண்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவள் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவரு கண்ணு இப்படி இருக்காதுடா சேகரு."

"எப்படி சித்தி இருக்கும்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். என்னவோ மாதிரி கையைக் காட்டினாள். "இப்படி இருக்காது" என்றாள் மறுபடியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்த நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள். கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாம் தூங்கற படம்தான் சித்தி. நான் நோட்ட எடுத்தாலே அவரு தூங்கிடுவாரு, நான் என்ன பண்ணட்டும்?"

சித்தி பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"தூங்கினாரா? மத்தியானத்துல அவரு என்னிக்குடா தூங்கினாரு? ஆடக் கூடாதுன்னு நீ சொன்னியாம், அதுக்காகக் கண்ண மூடிட்டு இருப்பாரு. நீ நோட்டுல குனிஞ்ச உடனே தொறப்பாரு. உன்னையேதான் பாத்துட்டிருப்பாரு. நீ தலைய நிமுத்தினா டக்குனு மூடிக்குவாரு. நான் அந்தக் கதவுகிட்ட நின்னு சிரிப்பேன். சொல்லாதேன்னு எனக்குக் கைய காட்டுவாரு."

அன்று இரவு பீன்யாவுக்குத் திரும்பினேன். மெட்ரோவில் எதிரே ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு அருமையாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுக்கவில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. தூங்குகிற சித்தப்பா ஒன்றைச் சட்டம் போட்டுச் சித்தி சுவரில் மாட்டியிருக்கிறாள். பேனரை வீணாக்க மனமில்லாமல் மொட்டை மாடியில் ஒழுகும் இடத்தில் விரித்துவிட்டார்கள். மழை வலுத்தால், "சேகரு மூஞ்சி சரியா இருக்கான்னு போய்ப் பாருங்கடி" என்று சித்தியின் சத்தம் கேட்கும். போனை எடுக்க நான் கொஞ்சம் தாமதித்தால் அம்மா இன்னும் ஒரு அறைக்குக் கையைத் தேய்த்துக்கொள்கிறாள்.

இப்போது நான் நோட்டை எடுத்தால் வீட்டில் அத்தனை பேரும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா, சித்தி, அக்கா, என் மனைவி, எல்லாரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குவது போல உட்காருவார்கள். நான் குனிந்ததும் திறந்துகொள்வார்கள். மூச்சை அடக்கிச் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நிமிர்ந்தால் மூடிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் வரைந்து முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் குனிந்தே இருக்கிறேன்.