முதல் அத்தியாயத்தில் நான் செத்துப்போன கதை

ஒரு வீடியோ கேமில் வரும் பையன் செத்தால் நானும் செத்துவிடுவேன் என்று நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. நாமக்கல்லில் லாரி டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்து, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் நிலையில் இருந்தேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். மறைத்துப் பயனில்லை. நான் சொல்லாவிட்டால் என் மகள் சொல்லிவிடுவாள்.

கேமைச் செய்தவன் குமரவேல். சங்ககிரிப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஒன்றாக உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது பெங்களூரில் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக கேம் செய்கிறான். (எங்கள் பக்கம் ஒருவன் கம்பெனி வைத்திருக்கிறான் என்றால், போர்வெல் போடும் ரிக் வண்டியா கோழிப்பண்ணையா என்றுதான் அடுத்த கேள்வி வரும். கேம் என்றால் பாவம் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.)

ஒருநாள் போன் செய்தான்.

"மாப்ள, மூணு வருசமா செஞ்ச கேமு அடுத்த மாசம் வருது. நம்ம வாய்க்கா மேடு, பள்ளிக்கூடம் எல்லாம் வெச்சிருக்கறேன். நீயும் இருக்கற."

"நானா?"

"நீயில்லாம எப்புடிடா?"

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? பட்டறைக்கு வந்த டிரைவர், கிளீனர், டீ கொண்டுவருகிறவர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னேன். டயரை இறக்குவதற்கு முன்பே சொன்னேன்.

ஒரு வாரத்தில் முன்னோட்டம் வந்தது. காலேஜில் படிக்கும் என் மகள் நந்தினி போனில் போட்டுக் காட்டினாள். வாய்க்கால் மேட்டில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் கதாநாயகன், ஒடிசல். இன்னொருவன் அவன் சிநேகிதன். சிநேகிதன் தன் தூக்குப்போசியைத் திறந்து சோற்றைப் பாதியாகப் பிரித்து ஒடிசல் பையனிடம் நீட்டி, "சாப்ட்டியா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான். பிறகு கதாநாயகன் வளர்ந்து, கையில் அந்தக் காலித் தூக்கோடு ஏழு மலை ஏறுகிறான். சோர்ந்து விழும்போதெல்லாம் மூடியைத் திறக்கிறான், உள்ளிருந்து அந்தக் குரல் கேட்கிறது, எழுந்துகொள்கிறான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்தே எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

"அது நாந்தான்" என்றேன்.

"நீங்களா?" என்றாள் நந்தினி. தட்டில் இருந்த கடைசி வடையை நான் எடுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்த விதம் சரியில்லை.

"அந்தத் தூக்கப் பாரு. மூடில எடது பக்கம் நசுங்கியிருக்குதா? நம்மூட்டு அடுப்படில தொங்கற தூக்குதான் அது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். அதே நசுங்கல். அதே வளைந்த கைப்பிடி. வழக்கு முடிந்தது. நாங்கள் எட்டாவது படித்த வருடம் குமரவேலின் அம்மா சேலம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் நேரங்கெட்ட வேலை. பையனுக்கு மதியச் சோறு கிடையாது. வாய்க்கால் மேட்டில்தான் நாங்கள் சாப்பிடுவோம். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே அந்தத் தூக்கைச் சுமந்துகொண்டு போனது இந்தக் கை. இதற்குமேல் என்ன சாட்சி?

என் மனைவி கலாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் என் தாய்மாமன் மகள். அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு. அவளும் முன்னோட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நந்தினி எங்கோ படித்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, அந்தச் சிநேகிதன் முதல் அத்தியாயத்துலயே செத்துப்போயிருவானாமா. வாய்க்கால்ல வெள்ளம் வந்து. அதனாலதான் ஹீரோ கிளம்பறான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல நாளிலேயே நான் தைரியசாலி இல்லை. டயர் வெடித்தால் முதலில் ஓடுவது முதலாளிதான் என்று எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அப்போது பார்த்து எனக்கு அட்டமச் சனி வேறு. பால்ய சிநேகிதன் ஒருவன் மூன்று வருடம் உட்கார்ந்து, யோசித்து, படம் வரைந்து என்னைக் கொல்கிறான் என்றால் சும்மாவா? கேமை வாங்குகிறவன் ஒவ்வொருவனும் என்னை ஒரு தடவை சாகடிப்பான். ஒருத்தன் வாயில் விழுந்தாலே காய்ச்சல் வருகிற உடம்பு இது.

அன்று மதியம் நெஞ்சு லேசாக வலித்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, "வாயுங்க" என்றார். அவருக்குக் கதை தெரியாது.

எங்கள் ஜனம் நிலம் வாங்குவதென்றாலும் பெண் எடுப்பதென்றாலும் குலசாமி கோயிலில் பூக்கேட்டுத்தான் செய்யும். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு ஆகாது. மறுநாள் காலையில் போய் நின்றேன்.

பூசாரி கேட்டார். "என்ன காரியமுங்க?"

"ஒரு பையனுங்க. உசுருக்கு ஆபத்து. பொழைப்பானா மாட்டானான்னு."

"அடப்பாவமே. பையன் எங்க இருக்கறானுங்க?"

"கேமுலங்க."

"எந்த ஆஸ்பத்திரிங்க அது?"

விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆத்தாளுக்கு இது புதுசுங்க, இருந்தாலும் கேட்டுப் பாப்பம்" என்று பொட்டலத்தைப் போட்டார்.

சிவப்பு.

"இன்னொருக்கா போடுங்க."

"அதெல்லாம் கூடாதுங்க. ஏதாச்சும் வேண்டுதல் வேணா வெச்சுக்கங்க."

அரைமணி நேரத்தில் மொட்டை. மீசையும் போயிற்று. (மீசையை அம்மன் கேட்கவில்லை. பதற்றத்தில் நானாகவே கொடுத்தேன்.)

கேம் வெளியாகும் ஞாயிற்றுக்கிழமை மதியம், சேலம் சூரமங்கலத்தில் குமரவேலின் அப்பா வீட்டில் விருந்து. அதற்குள் அவனைப் பார்த்து எப்படியாவது அந்தப் பையனைப் பிழைக்கவைத்துவிட வேண்டும். ஆதாரத்துக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டேன். வண்டியில் பின்னால் கலாமணி, அவள் மடியில் தூக்கு. ராசிபுரம் தாண்டி ஒரு தடவை கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாத்தான் இதப் போய் அவங்கிட்ட கேக்கப்போறீங்களா?"

"உனக்குத் தாலிமேல அக்கறையே இல்லியா?"

"வெயில் அடிக்குது, தலைக்குத் துண்டக் கட்டுங்க" என்றாள்.

வாசலில் குமரவேலின் அம்மா நின்றிருந்தார். அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தவர், இப்போது திடமாக இருக்கிறார். என் தலையைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏஞ்சாமி, ஊட்டுல யாராச்சும்...?"

"இன்னும் இல்லீங்கம்மா" என்றேன்.

உள்ளே பெங்களூர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், சொந்தக்காரர்கள் இருபது பேர், பந்தியில் இலை போட்டாகிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். எனக்கு அந்த நிதானம் இல்லை. தூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றேன்.

"குமரவேலு, என்னக் கொன்னுறாத!"

இருபத்தைந்து பேரும் அப்பளத்தை நிறுத்தினார்கள்.

"என்னடா சொல்ற?"

"மொத அத்தியாயத்துல வெள்ளத்துல போறது நாந்தானடா? காலு ஒடையட்டும், கை போகட்டும், ஒத்துக்கறேன். உசுர மட்டும் உட்டுரு."

குமரவேல் என்னைப் பார்த்தான், தூக்கைப் பார்த்தான், எனக்குப் பின்னால் நின்றிருந்த கலாமணியைப் பார்த்தான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல கலா?"

"அவிய அவ்வளவு சந்தோசமா இருந்தாங்க" என்றாள். "அப்பறம் அவ்வளவு பயத்துல இருந்தாங்க. நடுவுல எடமே கெடைக்கல."

"மாப்ள," என்றான் குமரவேல், "அந்தத் தூக்கு யாருது?"

"எங்கூட்டுது."

"உங்கூட்டுக்கு எப்ப வந்துச்சு?"

அது எங்கள் கல்யாணத்தின்போது கலாமணியின் சீர்ப் பாத்திரங்களோடு வந்தது. மூடியில் அந்த நசுங்கல், ஆறாம் வகுப்பில் அவள் அதை என் மண்டையில் போட்டதால் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக என் வீட்டு ஆணியில் தொங்கியதால் சோறும் என்னுடையது என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப கலாவ எதுக்குப் பையனா வெச்ச?"

"புள்ளையா வெச்சா காதல் கதைன்னு நெனச்சுக்குவாங்கடா."

"சரி, இவள எதுக்கு சாகடிச்ச?" இப்போது எனக்கு வேறு பதற்றம்.

அவன் பக்கத்து இலையைத் தள்ளிவிட்டு எங்களை உட்காரச் சொன்னான்.

"எட்டாவது பாதில கலாவ நிறுத்திட்டாங்க. வயசுக்கு வந்துட்டான்னு. எங்கிட்ட யாரும் சொல்லல. அடுத்த நாள் வாய்க்கா மேட்டுல ஒக்காந்து மணியடிக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். செத்தே போயிட்டான்னு நெனச்சேன். அத எப்புடிக் கேமுல காட்டறது? வெள்ளம் வெச்சேன்."

கலாமணி தூக்கின் கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டே இருந்தாள். "நான் ஊட்டுல அழுதுட்டிருந்தேன்" என்றாள். "பள்ளிக்கூடத்துக்காக இல்ல. இவன் சாப்ட்ருக்க மாட்டானேன்னு."

அன்று நான் வாய்க்கால் மேட்டில் இல்லை. தூக்கு வரவில்லை என்று தெரிந்ததும் வேறொரு வகுப்புப் பையனின் தூக்கைத் தேடிப் போய்விட்டேன். இதை அந்த ஹாலில் நான் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

"அப்ப என்னக் கேமுல வெச்சிருக்கறேன்னியே?"

பெங்களூர்ப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கதாநாயகன் ஒவ்வொரு மலை உச்சியிலும் இளைப்பாறி உட்கார்ந்து சோற்றை எடுத்தால், புதருக்குள்ளிருந்து ஒரு குண்டன் வருவான். 'எனக்கு?' என்பான். கொடுக்காவிட்டால் நகரமாட்டான். கேமில் சாகாத ஒரே ஆள் அவன்தான். வாளால் வெட்டினாலும் சாகமாட்டான், திரும்ப வந்து கேட்பான்.

"மூணு வருசமா இவனப் பாத்துட்டிருக்கோம் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். "நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோசம்."

கேம் வெளியானது. கலாமணி முதல் அத்தியாயத்தில் செத்தாள், பூ சொன்னது பொய்க்கவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு திருத்தம் விட்டார்கள். அதில் குண்டன் மொட்டைத் தலையோடு, மீசையில்லாமல் வருகிறான். எனக்கு முடி வளர்ந்துவிட்டது, அவனுக்கு வளரவில்லை. நந்தினி அவ்வப்போது அறையிலிருந்து கத்துவாள்: "அப்பா, நாலாவது மலைல வந்துட்டீங்க, என்ன வேணும்?" வீட்டில் நான் இரண்டாவது தடவை சோறு கேட்டால் பதிலுக்கு யாராவது ஒருவர் புதர் சத்தம் எழுப்புகிறார்கள்.

நடந்தது இதுதான். அந்த வருடம் ஐந்து மாதம் கலாமணி அந்தத் தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவந்தாள். ஒரு பங்கை நான் சாப்பிட்டேன். மீதியை அவர்கள் இரண்டு பேரும் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.