போத்தலைத் திறக்காதவர்கள்

மனிதரில் ஒரு ரகம் உண்டு. அவர்களிடம் நேரம் கேட்டால், முதலில் இந்த மணிக்கூடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும் என்பார்கள். மழை பெய்கிறதா என்று கேளுங்கள். நனைந்துகொண்டே, தரவு போதாது என்பார்கள். முடிவு வரும்வரை ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. இவர்களைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்? அந்த ரகத்தில் நான் முதல் தரம்.

1998ஆம் ஆண்டு. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம். துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லில், எங்கள் பக்கத்து வளவில் ஜெனரேட்டருக்காகப் புதைத்திருந்த டீசல் தாங்கி கசிந்து, எங்கள் கிணற்றில் எண்ணெய் மணத்தது. எங்கள் வீட்டில் அப்பா அருளம்பலம் தனியாக இருந்தார். எழுபத்தொரு வயது, இதயத்துக்கு மூன்று வேளை மாத்திரை. கண்டியில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகளான என்னிடம் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

சாதாரண மகள் என்றால் வேண்டாம் என்று சொல்லி, வேறு தண்ணீருக்கு வழி பார்த்திருப்பாள். நான் படித்தவள்.

உள்துறைமுகக் கரையில், படகு எண்ணெய் வருடக்கணக்காக ஊறிய கறுப்புச் சேற்றில், ஒக்சிசனே இல்லாமல் எண்ணெயைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. காற்றுப் பட்டால் வேலையை நிறுத்திவிடும். காற்றுப் படாவிட்டாலும் அவசரப்படாது. அந்தச் சேற்றை அள்ளி, கிணற்றுத் தண்ணீரோடு பன்னிரண்டு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, றப்பர் மூடி அடைத்து, மெழுகுதிரி உருக்கிப் பூசி, இலக்கம் ஒட்டி, அவை கிணற்று எண்ணெயைத் தின்று முடிக்கின்றனவா என்று பார்க்க அப்பாவிடம் இருநூறு நாள் தவணை கேட்டேன்.

"இருநூறு நாளோ?"

"ஓம் அப்பா. அதுவரைக்கும் கிணத்தைத் தொடாதேங்கோ."

"மூச்சு விடாம வேலை செய்யிற பூச்சியள் எண்டு சொல்லுறாய்?"

"பூச்சி இல்லை, பக்டீரியா."

"உன்ர கொம்மாவும் மூச்சு விடாமத்தான் வேலை செய்தவ. ஆனா பின்னேரத்துக்கிடையில முடிச்சிடுவா."

எதிர்வீட்டு உம்மு குல்சும் மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கட மோட்டர்ல இருந்து ஒரு குழாய் இழுத்து விடுங்க மகள். றோட்டைக் கடந்தா முப்பது அடி. அரை நாள் வேலை."

"அது தற்காலிகத் தீர்வு, மாமி."

ஆகவே அப்பா மாமி வீட்டுக் கிணற்றிலிருந்து நாளுக்கு ஆறு வாளி தண்ணீர் தூக்கிக் காவினார். தற்காலிகமாக.

நான் போத்தல் பெட்டியோடு கண்டி பஸ் ஏறினேன். தம்பலகாமத்துச் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். கறுப்புத் திரவம், மெழுகு பூசிய மூடி, இலக்கங்கள்: யுத்த காலத்தில் இதைவிட நல்ல சாமான் ஒன்று காவ முடியுமா?

"என்ன இது?" என்றார் ஆமிக்காரர்.

"சேறு."

"திறக்க."

"திறக்க ஏலாது."

அந்த நாட்களில் இந்தப் பதிலைச் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை. துவக்கு மெல்ல என் பக்கம் திரும்பியது. எனக்குப் பயம் வந்தது. ஐந்தாம் போத்தலைப் பற்றி. அதில்தான் துளி காற்றும் இல்லாமல் சேறு நன்றாக அடைபட்டிருந்தது. "அஞ்சை விட்டிட்டு எதையெண்டாலும் திறவுங்கோ, காற்று உள்ளே போகும்" என்று கெஞ்சினேன். அவர் ஐந்தைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம். இறங்கி நின்றவர்கள் யாரும் சொல்லாமலே ஏறி, பஸ் நிறைந்தது. ஆமிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு "போ, போ!" என்றார். நான் இருக்கையில் அமர்ந்து எழுதினேன்: போத்தல் 5, ஒக்சிசன் புகுந்தது, நீக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் அப்பா தொலைபேசிக் கடைக்குப் போய் என்னை அழைப்பார். "இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"நூற்றி நாற்பது."

"இடக்கை கொஞ்சம் உளையுது பிள்ளை."

கேட்டதும் பஸ் ஏறியிருப்பீர்கள், இல்லையா? நான் கணக்குப் போட்டேன். "வாளியை அரைவாசி நிரப்பிக் கொண்டு வாங்கோ அப்பா." அரை வாளி என்றால் ஆறு நடை பன்னிரண்டாகும் என்பதை, எண்களோடு பழகிய இந்த மூளை கவனிக்கவில்லை.

நூற்றி அறுபத்து மூன்றாம் நாள், எட்டாவது நடையில், றோட்டின் நடுவில் விழுந்தார். உம்மு குல்சும் மாமிதான் ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தவர். வைத்தியசாலைக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. செத்த வீட்டுக்குத் தண்ணீரும் மாமி வீட்டிலிருந்துதான் வந்தது. அவருடைய பிள்ளைகள் அரை நாளில் குழாய் இழுத்துவிட்டார்கள். சடங்கின் நடுவில், நூற்றி அறுபத்தைந்தாம் நாள் அளவீடு தவறிவிட்டது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அழுதேன். எதற்காக என்று கேட்காதீர்கள். தரவு போதாது.

இருநூறாம் நாள் முடிவு வந்தது. பதினொரு போத்தலிலும் எண்ணெய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வரைபடம் அழகாக இறங்கியது. அறிக்கையின் கடைசி வரியில், போத்தல் வேறு, கிணறு வேறு, மேலதிக ஆய்வு தேவை என்று எழுதி, கையெழுத்தும் வைத்தேன்.

வீட்டைப் பூட்டப் போனபோது மாமி கேட்டார். "அப்ப, அப்பாட கிணத்துத் தண்ணி குடிக்கலாமா மகள்?"

வாயைத் திறந்தேன். "இன்னும் ரெண்டு சோதனை இருக்கு மாமி" என்று வந்தது.

மாமி தன் வீட்டுக்குப் போனார். எனக்குக் குடிக்க ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்தார்.

நீங்கள் இந்த ரகமில்லை, தெரியும். உங்களிடம் போத்தலும் இல்லை, சேறும் இல்லை. இன்று காலையில் வீட்டில் யாரோ ஒரு சின்ன விஷயம் கேட்டார்; நீங்களும் "பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றீர்கள், அவ்வளவுதான். அவரும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கையில் என்ன காவுகிறார் என்று பார்த்தீர்களா?